காணாமல் போனவரைத் தேடவும் அடையாளம் தெரியாதவருக்குப் பெயர் கண்டறியவும் ஊடகத்தைப் பயன்படுத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

1992 ஜூன் மாதம் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் ஓர் ஆற்றிலிருந்து இளம்பெண் ஒருவரின் உடல் மீட்கப்பட்டது. அவர் கொலை செய்யப்பட்டிருந்தார் என்பது தெரிந்தது. யார் என்பது தெரியவில்லை. அவருடைய இடது முன்கையில் பச்சை இலைகளுடன் ஒரு கறுப்புப் பூவும், அதற்குக் கீழே சில எழுத்துகளும் பச்சை குத்தப்பட்டிருந்தன. 2023 மே மாதம் பெல்ஜியம், நெதர்லாந்து, ஜெர்மனி ஆகிய மூன்று நாடுகளின் காவல்துறையினரும் சர்வதேசக் காவல்துறை அமைப்பான இன்டர்போலும் சேர்ந்து, பெயர் தெரியாமல் போன 22 பெண்களின் விவரங்களைப் பொதுமக்கள் முன் வைத்தார்கள். பிபிசி வெளியிட்ட செய்தியில் அந்தப் பூவின் படத்தைப் பார்த்த பிரிட்டன் குடும்பம் ஒன்று, அது தங்கள் வீட்டுப் பெண்ணின் கை என்று கண்டுகொண்டது. 31 ஆண்டுகளுக்குப் பிறகு அவருடைய பெயர் அவருக்குத் திரும்பக் கிடைத்தது.

அந்தச் செய்தியைப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். ஆனால் விடை கிடைத்ததற்குக் காரணம், அந்தப் பூவை ஏற்கெனவே அறிந்திருந்த ஒரு வீட்டின் கண்ணில் அது பட்டதுதான். காணாமல் போனவர்களுக்கான ஊடகப் பணி முழுவதற்கும் இதுவே அடிப்படை என்று நான் நம்புகிறேன். எங்கோ ஒருவருக்கு ஏதோ ஒன்று தெரியும். தனக்குத் தெரிந்தது முக்கியமானது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. அந்த ஒருவரின் கண்ணில் படும்படியும், பார்த்ததும் அவர் தயங்காமல் அடையாளம் காணும்படியும், அதைச் சொல்ல அவர் துணியும்படியும் செய்தியை அமைக்க வேண்டும். பின்வரும் படிகள் யாவும் அதற்காகவே.

முதல் படி: செய்திக்கு முன் புகார்

ஒருவர் காணாமல் போய் 24 மணி நேரம் கழிந்தால்தான் புகார் கொடுக்க முடியும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். குழந்தைகள், முதியவர்கள், நோயாளிகள், தற்கொலை எண்ணத்தை வெளிப்படுத்தியவர்கள் ஆகியோரைப் பொறுத்தவரை முதல் சில மணி நேரமே மிகவும் மதிப்புள்ளது. புகாரைப் பதிவு செய்து, வழக்கு எண்ணையும் விசாரணை அதிகாரியின் பெயரையும் அவரைத் தொடர்புகொள்ளும் வழியையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வழக்கு எண் இல்லாத அறிவிப்பைப் பொறுப்புள்ள செய்தி ஆசிரியர் எவரும் வெளியிடத் தயங்குவார். அந்தத் தயக்கம் நியாயமானது.

புகார் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நியூயார்க் மாநிலத்தின் கலிடோனியா என்ற சிற்றூரில் நடந்தது காட்டுகிறது. 1979இல் அங்கே ஒரு பதின்வயதுப் பெண் கொலையுண்டு கிடந்தார். அவருடைய உருவப்படமும் உடையின் விவரங்களும் ஆண்டுக்கணக்கில் வெளிவந்தும் பெயர் கிடைக்கவில்லை. அவரைப் பற்றிக் காணாமல் போனவர் என்ற பதிவே நிலுவையில் இல்லாததால், ஒப்பிட்டுப் பார்க்க மறுபக்கத்தில் எதுவும் இருக்கவில்லை. பள்ளித் தோழி ஒருவர் தன் பழைய சிநேகிதியைத் தேடத் தொடங்கி 2014இல் புகார் பதிவு செய்த பிறகு, அந்தப் பதிவையும் கலிடோனியாப் பெண்ணின் படத்தையும் ஒரு தன்னார்வலர் பொருத்திப் பார்த்தார். 2015இல் மரபணுச் சோதனை அதை உறுதி செய்தது. புகார் என்பது வெறும் சடங்கன்று. பிற்காலத்தில் யாரோ ஒருவர் வந்து பொருத்திப் பார்ப்பதற்காக நீங்கள் திறந்து வைக்கும் கதவு.

புகாரோடு சேர்த்துச் செய்ய வேண்டியவை சில உண்டு. பல் மருத்துவரிடமும் மருத்துவமனைகளிலும் உள்ள எக்ஸ்ரே படங்களையும் சிகிச்சைக் குறிப்புகளையும் கேட்டு வாங்கிப் பாதுகாத்துக்கொள்ளுங்கள். பழைய பதிவுகள் காலப்போக்கில் அழிக்கப்படுவதுண்டு. காணாமல் போனவரின் பல்துலக்கியையும் சீப்பையும் துவைக்காத உடையையும் வெறுங்கையால் தொடாமல் காகித உறையில் எடுத்து வையுங்கள். அவர் நாட்டின் எல்லையைத் தாண்டியிருக்கலாம் என்று தோன்றினால், இன்டர்போலின் மஞ்சள் அறிவிப்பு பற்றி விசாரணை அதிகாரியிடம் கேளுங்கள். காணாமல் போனவர்களுக்காக வெளியிடப்படுவது மஞ்சள் அறிவிப்பு. அடையாளம் தெரியாத உடல்களுக்காக வெளியிடப்படுவது கறுப்பு அறிவிப்பு. இவற்றைக் குடும்பத்தினர் நேரடியாகக் கோர முடியாது. அந்தந்த நாட்டின் காவல்துறை வழியாகவே கோர வேண்டும்.

இரண்டாம் படி: செய்தி வெளியாவது நல்லதா என்று முடிவெடுப்பது

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்களே அதிகம். எல்லாத் தேடலுக்கும் விளம்பரம் உதவாது; சில நேரங்களில் அது கொல்லும். பணம் கேட்டுக் கடத்தியவர்கள் செய்தியைப் பார்த்து அஞ்சினால் ஆபத்து பிணைக்கைதிக்கே நேரும். ஆட்கடத்தல் கும்பலிடம் சிக்கியவரின் படம் வெளியானால் கும்பல் இடத்தை மாற்றிவிடலாம். ஆகவே செய்தி தருவதற்கு முன் விசாரணை அதிகாரியிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "இப்போது இது வெளியே தெரிந்தால் அவருக்கு என்ன ஆபத்து நேரலாம்?"

இதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது, தானாகவே வெளியேறியவரின் நிலை. வன்முறை நிறைந்த வீட்டிலிருந்து தப்பிய பெண்ணைத் தேடி, அடித்தவனே கண்ணீரோடு 'காணவில்லை' அறிவிப்பு போடுவதுண்டு. அதை நல்லெண்ணத்தோடு பகிரும் ஒவ்வொருவரும் அவனுடைய ஆளாக மாறிவிடுகிறார்கள். வயது வந்த ஒருவருக்குத் தன் இருப்பிடத்தைச் சொல்லாமல் வாழ உரிமை உண்டு. எனவே நீங்கள் தேடும் குடும்பமாக இருந்தாலும், பகிரும் அந்நியராக இருந்தாலும், செய்தியாளராக இருந்தாலும், ஒரு விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: தகவல் காவல்துறைக்குப் போக வேண்டுமே தவிர, அறிவிப்பு போட்டவருக்கு நேரே போகக் கூடாது. காணாமல் போனவர் கிடைத்துவிட்டால் அவர் நலமாக இருக்கிறாரா என்று காவலர்கள் பார்த்துக்கொள்வார்கள். இருப்பிடத்தைக் குடும்பத்துக்குச் சொல்லலாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

அவசர ஒலிபரப்புகளுக்கென்று தனி அளவுகோல்கள் இருப்பதும் இதனால்தான். 1996இல் டெக்ஸாஸின் ஆர்லிங்டனில் கடத்திக் கொல்லப்பட்ட ஆம்பர் ஹேகர்மன் என்ற 9 வயதுச் சிறுமியின் பெயரால் ஏற்பட்டது அமெரிக்காவின் ஆம்பர் எச்சரிக்கை. கடத்தல் நடந்திருக்கிறது என்று காவல்துறை நியாயமாக நம்ப வேண்டும். காணாமல் போனவருக்கு 17 வயதோ அதற்குக் குறைவாகவோ இருக்க வேண்டும். உயிருக்கோ உடலுக்கோ கடும் ஆபத்து இருக்க வேண்டும். மக்கள் பார்த்து அடையாளம் காணப் போதுமான விவரமும் இருக்க வேண்டும் என்று அதற்கான பரிந்துரைகள் கூறுகின்றன. தங்கள் குழந்தைக்கு அந்த எச்சரிக்கை கிடைக்கவில்லை என்று பெற்றோர் மனமுடைவதை நான் புரிந்துகொள்கிறேன். ஆயினும் எல்லாவற்றுக்கும் அபாய மணி அடித்தால் மக்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள் என்ற அச்சத்திலும் உண்மை இருக்கிறது. உங்கள் நாட்டில் என்ன ஏற்பாடு இருக்கிறது, அதை யார் முடுக்கிவிட முடியும் என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாம் படி: படமும் அடையாளமும்

குடும்பங்கள் பெரும்பாலும் அவர் மிக அழகாகத் தெரியும் படத்தைத் தேர்ந்தெடுக்கின்றன. அன்பால் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் அது தேடலுக்கு உதவாது. திருமண அலங்காரத்தில் எடுத்த படமும், ஃபில்டர் போட்டு மெருகேற்றிய படமும், ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய அடையாள அட்டைப் படமும், தெருவில் எதிரே வருபவரின் முகத்தோடு பொருந்தா. அவர் அன்றாடம் எப்படித் தெரிவாரோ அப்படிப்பட்ட அண்மைக்காலப் படம் ஒன்றும், பல் தெரியச் சிரிக்கும் படம் ஒன்றும், தலை முதல் கால் வரை தெரியும் படம் ஒன்றும் வேண்டும். கண்ணாடி அணிபவரென்றால் அணிந்தும் அணியாமலும் காட்டுங்கள். மற்றவர்களை வெட்டி நீக்கிவிட்டு, மூலக் கோப்பை அதே தரத்தில் கொடுங்கள். வாட்ஸ்அப் வழியே பலமுறை கைமாறிய படம் தெளிவிழந்துவிடும், அச்சில் வெறும் நிழலாகவே வரும்.

அடுத்தது சொல்லில் தரும் அடையாளம். வழக்கமான அறிவிப்பு இப்படி இருக்கும்: "உயரம் 5 அடி 6 அங்குலம், நடுத்தர உடல்வாகு, காணாமல் போனபோது நீல நிறச் சட்டை அணிந்திருந்தார்." இந்த விவரங்கள் ஆயிரம் பேருக்குப் பொருந்தும், சட்டையோ மறுநாளே மாறிவிடும். அதே மனிதரை இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "வலது காலைச் சற்று இழுத்து நடப்பார். இடது கைச் சுண்டுவிரல் மடங்காது. பேசத் தொடங்குமுன் தொண்டையை இருமுறை செருமுவார். யார் பெயர் கேட்டாலும் தந்தையின் பெயரையும் சேர்த்துச் சொல்வார்." உணவகத்தில் பரிமாறுபவரும், பேருந்து நடத்துநரும், மருத்துவமனைத் தாதியும் நினைவில் வைத்திருப்பது இத்தகைய செய்கைகளைத்தான். தழும்பு, மச்சம், பச்சை குத்தியது, உடைந்த பல், காது குத்திய இடங்கள், அறுவைச் சிகிச்சை அடையாளம் ஆகியவற்றை எந்தப் பக்கம், எவ்வளவு நீளம் என்பதோடு எழுதுங்கள். பச்சை குத்தியதற்குப் படம் இல்லையென்றால், அதைப் பலமுறை பார்த்த ஒருவரை உட்காரவைத்து வரையச் சொல்லுங்கள்.

நினைவு தவறிய முதியவரென்றால் இன்னும் இரண்டு செய்திகள் தேவை: அவர் எந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பார் என்பதும், முன்பு எங்கே வாழ்ந்தார், எங்கே வேலை செய்தார் என்பதும். அத்தகையவர்கள் பழைய வீட்டையோ பழைய பணியிடத்தையோ நோக்கி நடப்பதுண்டு. எதிரே நின்று மெதுவாகப் பேச வேண்டும், கையைப் பிடித்து இழுக்கக் கூடாது என்பதையும் அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

எல்லாவற்றையும் வெளியிட்டுவிடாதீர்கள். காணாமல் போனவருக்கும் வீட்டாருக்கும் மட்டுமே தெரிந்த ஓர் அடையாளத்தையாவது விசாரணை அதிகாரியிடம் சொல்லிவிட்டு மறைத்து வையுங்கள். அது எப்போது தேவைப்படும் என்பதை ஐந்தாம் படியில் காண்பீர்கள்.

நான்காம் படி: செய்திக் குறிப்பும் அது போய்ச் சேர வேண்டிய இடமும்

செய்திக் குறிப்பு ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. முதல் பத்தியில் யார், என்ன வயது, கடைசியாக எங்கே, எந்த நாளில், எத்தனை மணிக்குக் காணப்பட்டார் என்பதும், இரண்டாவதில் அடையாளங்களும், மூன்றாவதில் மக்களிடம் நீங்கள் கேட்கும் உதவியும் இருக்கட்டும். பலரும் சறுக்குவது மூன்றாவதில்தான். "தகவல் தெரிந்தவர்கள் தொடர்புகொள்ளவும்" என்பது எவரையும் அசைப்பதில்லை. "செவ்வாய்க்கிழமை மாலை 5 மணி முதல் 7 மணி வரை இந்தச் சாலையில் வண்டி ஓட்டியவர்கள் தங்கள் வாகனக் கேமராவின் பதிவை அழிக்காமல் பாருங்கள், கடைக்காரர்கள் அன்றைய சிசிடிவி பதிவை எடுத்து வையுங்கள்" என்று கேட்டால், கேட்கப்படுவது தன்னைத்தான் என்று ஒருவர் உணர்வார். சிசிடிவி பதிவுகள் சில நாள்களில் தாமாகவே அழிந்துவிடும் என்பதால் இந்த வேண்டுகோள் முதல் நாளே போக வேண்டும். குறிப்பின் அடியில் வழக்கு எண், வெளியிடும் தேதி, காவல்துறையின் தொலைபேசி எண் ஆகிய மூன்றையும் தவறாமல் எழுதுங்கள். பெயரின் எழுத்துகளையும் எண்ணின் இலக்கங்களையும் இன்னொருவரை உரக்கப் படிக்கச் சொல்லிச் சரிபாருங்கள்.

எந்த ஊடகத்துக்குக் கொடுப்பது? பெரிய தொலைக்காட்சியில் வர வேண்டும் என்ற ஆசை இயல்பானதே. ஆனால் நீங்கள் தேடுவது அந்த ஒருவரை. காணாமல் போனவர் போயிருக்கக்கூடிய பாதையை ஒரு வரைபடத்தில் வரைந்து, அந்தப் பாதையில் இருப்பவர்கள் எதைப் பார்க்கிறார்கள், எதைக் கேட்கிறார்கள், எந்த மொழியில் படிக்கிறார்கள் என்று எழுதுங்கள். நீண்டதூர ஓட்டுநர்களுக்கு வானொலி போய்ச் சேரும். இரவு வேலை செய்பவர்கள் கைப்பேசியில் பார்ப்பார்கள். புலம்பெயர்ந்த தொழிலாளர்களிடையே அவர் இருக்கலாம் என்றால், அவர்களுடைய மொழியில் வரும் சிற்றிதழும் சமூக வானொலியும் எந்தத் தேசியத் தொலைக்காட்சியையும்விட மேலானவை. ஆண்ட்வெர்ப் பெண்ணின் பெயர் பெல்ஜியத்துக்கு வெளியே, அவருடைய சொந்த நாட்டு ஊடகத்தில்தான் கிடைத்தது.

இங்கே ஒரு வருத்தமான உண்மையைச் சொல்லியாக வேண்டும். எல்லாரும் ஒரே அளவு செய்தி ஆவதில்லை. வெள்ளையினத்துப் பெண்கள் காணாமல் போனால் மட்டும் ஊடகம் பரபரப்பதை அமெரிக்கப் பத்திரிகையாளர் க்வென் ஐஃபில் 2004இல் 'காணாமல் போன வெள்ளைப் பெண் நோய்க்கூறு' என்று பெயரிட்டுச் சுட்டிக்காட்டினார். ஏழை, முதியவர், வீடற்றவர், அடிக்கடி வீட்டைவிட்டுப் போகும் சிறுவர், பாலியல் தொழிலாளர், மனநோயாளி ஆகியோரைப் பற்றிய குறிப்புகள் செய்தி அறைகளில் எளிதாக ஒதுக்கப்படுகின்றன. உங்கள் வீட்டவர் இவர்களில் ஒருவரானால் மனம் தளராதீர்கள். அவர் மீது முத்திரை குத்தும் சொற்களை நீங்களே குறிப்பில் எழுதிக் கொடுக்கவும் வேண்டாம். "குடிப்பழக்கம் உள்ளவர்" என்பதற்குப் பதில் "இரு பிள்ளைகளின் தந்தை, 20 ஆண்டு தச்சுவேலை செய்தவர்" என்று தொடங்குங்கள். தேடலுக்குத் தேவையான உடல்நிலையை மட்டும் சொன்னால் போதும்.

ஐந்தாம் படி: அழைப்பை எடுப்பது

ஓர் அறிவிப்பில் தாயின் சொந்தக் கைப்பேசி எண்ணைப் போட நான் ஒருமுறை உடன்பட்டேன். மகனின் செய்தி முதலில் தன் காதில் விழ வேண்டும் என்று அவர் மன்றாடினார். மறுக்க எனக்கு மனம் வரவில்லை. அன்றிரவே அழைப்புகள் தொடங்கின. பணம் கொடுத்தால் இடத்தைச் சொல்கிறேன் என்றவர்கள், குறி பார்த்துச் சொல்வதாகக் கூறியவர்கள், பேசாமல் மூச்சு மட்டும் விட்டவர்கள். மூன்றாம் நாள் அவர் கைப்பேசியை அணைத்துவிட்டார். உண்மையான அழைப்பு ஒன்று அந்த வேளையில் வந்திருந்தால் எடுக்க யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு எந்த அறிவிப்பிலும் குடும்பத்தாரின் சொந்த எண்ணைப் போட நான் இணங்கியதில்லை.

காவல்துறை எண்ணைத் தவிர வேறோர் எண்ணும் வேண்டுமென்றால், அதற்கென்று புதிய இணைப்பு ஒன்றை வாங்கி, உணர்ச்சிவசப்படாத உறவினரோ நண்பரோ முறைவைத்து எடுக்க ஏற்பாடு செய்யுங்கள். காவலரிடம் பேச அஞ்சுபவர்கள் பலர் உண்டு. ஆவணங்கள் இல்லாத தொழிலாளியும், போகக் கூடாத இடத்துக்குப் போயிருந்தவரும் பெயர் சொல்லாமல் பேச அந்த எண் வழிவிடும்.

எடுப்பவர் கையில் ஒரு குறிப்பேடு இருக்க வேண்டும். தேதி, நேரம், அழைத்த எண், சொன்னவரின் சொற்கள் அப்படியே. இதில் கேள்வி கேட்கும் விதம் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. "நேற்றுப் பேருந்து நிலையத்தில் உங்கள் ஆளைப் பார்த்தேன்" என்று ஒருவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆவலில் நாம் உடனே "நீலச் சட்டை போட்டிருந்தாரா?" என்று கேட்டுவிடுவோம், அவரும் ஆமாம் என்பார். பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இல்லாவிட்டாலும் அவருடைய நினைவு அந்தக் கணமே கலங்கிவிடும். அதற்கு மாறாக, "நீங்கள் அப்போது எங்கே நின்றுகொண்டிருந்தீர்கள்? அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? என்ன உடுத்தியிருந்தார்? எப்படி நடந்தார்? எந்தப் பக்கம் போனார்?" என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். வலது காலை இழுத்து நடந்தார் என்பதை நீங்கள் சொல்லாமலே அவர் சொன்னால், எழுந்து ஓட வேண்டிய அழைப்பு அதுதான்.

பணம் கேட்பவரிடம்தான் நீங்கள் மறைத்து வைத்த அடையாளம் பயன்படும். காணாமல் போனவர் தன்னோடு இருக்கிறார் என்று அவர் சொன்னால், அந்த அடையாளம் என்ன என்று கேளுங்கள். பதில் எதுவானாலும் பணம் அனுப்பாமல், எண்ணையும் நேரத்தையும் பேச்சையும் உடனே விசாரணை அதிகாரிக்குத் தெரிவியுங்கள். நேரில் சந்திக்கத் தனியே போகாதீர்கள்.

ஆறாம் படி: பேட்டி

குடும்பத்தின் சார்பில் ஒருவர் மட்டும் பேசட்டும். இரண்டு பேர் பேசினால் இரண்டு விதமான நேரங்கள் வெளிவரும். பிறகு அந்த முரண்பாடே செய்தியாகிவிடும். கேமரா முன் உட்காருவதற்கு முன்பே, சொல்ல வேண்டிய மூன்று செய்திகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கேள்விக்கும் அவற்றில் ஒன்றுக்குத் திரும்பி வரலாம். விசாரணை பற்றிய கேள்விக்கு "அதைக் காவல்துறையிடம் கேளுங்கள்" என்பது முழுமையான பதிலே. யாரையும் சந்தேகித்துப் பெயர் சொல்லாதீர்கள்.

அவரைப் பற்றி நிகழ்காலத்தில் பேசுங்கள். 'அவளுக்குப் பாட்டு பிடிக்கும்' என்பதற்கும் 'பிடித்திருந்தது' என்பதற்கும் இடையில், கேட்டுக்கொண்டிருப்பவரின் மனத்தில் ஒரு தேடல் முடிந்துபோகிறது. அவர் தானாகப் போயிருக்க வாய்ப்புண்டு என்றால் அவரையே நோக்கிப் பேசலாம்: "நீ எதற்கும் பதில் சொல்ல வேண்டாம், உயிரோடு இருக்கிறாய் என்று மட்டும் யாரிடமாவது சொல்லிவிடு." திரும்பி வந்தால் திட்டு விழும் என்ற அச்சமே பல இளையோரை வெளியே நிறுத்துகிறது. அழுகை வந்தால் அழுங்கள். வராவிட்டால் வரவழைக்க வேண்டாம். துயரத்தை எல்லாரும் ஒரே விதமாகக் காட்டுவதில்லை என்பதைச் செய்தியாளர்களும் மறக்கக் கூடாது.

ஏழாம் படி: சமூக ஊடகம்

மூலப்பதிவு ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். எல்லாரும் அதன் இணைப்பையே பகிர வேண்டும் என்று கேளுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பகிர்ந்தால் அதைத் திருத்தவும் முடியாது, திரும்பப் பெறவும் முடியாது. வீடு திரும்பிப் பல ஆண்டுகள் ஆன குழந்தையின் படம் இன்றும் குழுக்களில் சுற்றிக்கொண்டிருப்பது இப்படித்தான். படத்திலேயே வெளியிட்ட தேதியையும் வழக்கு எண்ணையும் பொறித்துவிட்டால், பின்னாளில் பார்ப்பவருக்குச் சரிபார்க்க வழி இருக்கும். பின்னூட்டங்களைக் கண்காணிக்க ஒருவரை நியமியுங்கள். ஊகங்களையும் பழிகளையும் முகவரிகளையும் உடனுக்குடன் நீக்க வேண்டும்.

இது வெறும் ஒழுங்குக்காகச் சொல்வதன்று. 2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு, அதற்கு முன்பே காணாமல் போயிருந்த ஒரு மாணவரை இணையத்தில் சிலர் குண்டுவைத்தவர் என்று முத்திரை குத்தினார்கள். அவரைத் தேடக் குடும்பம் நடத்திவந்த பக்கத்தில் வசைகள் குவிந்தன. குடும்பம் அந்தப் பக்கத்தை மூட வேண்டியதாயிற்று. அந்த மாணவர் அதற்குச் சில நாள்களில் ஓர் ஆற்றில் இறந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டார். குண்டுவெடிப்புக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. 2018இல் இந்தியாவில் குழந்தை கடத்துபவர்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பிய கூட்டங்கள் அப்பாவிகளை அடித்துக் கொன்றன. ஆகவே சந்தேகத்துக்குரியவர் என்று எவருடைய படத்தையும் காவல்துறை வெளியிடாமல் நீங்கள் வெளியிடாதீர்கள். எவ்வளவு உறுதியாகத் தோன்றினாலும் வேண்டாம்.

எட்டாம் படி: மறுபக்கத்திலிருந்து தேடுவது

இதுவரை சொன்னது பெயர் இருந்து ஆள் இல்லாத தேடல். ஆள் இருந்து பெயர் இல்லாத தேடலும் உண்டு: பிணவறையில் கிடக்கும் உடல், மருத்துவமனையில் நினைவின்றிப் படுத்திருப்பவர், தன் பெயரைச் சொல்ல இயலாதவர். இதில் செய்தி தருவது காவல்துறையும் தடயவியல் மருத்துவர்களும். செய்தியாளரும் தன்னார்வலரும் அவர்களோடு இணைந்தே செய்ய வேண்டும்.

முதல் விதி, இறந்தவரின் முகத்தை அப்படியே வெளியிடாதீர்கள். அது கண்ணியத்துக்கு மாறானது என்பதோடு பயனும் குறைவு. மரணத்துக்குப் பின் முகம் வீங்கி, நிறம் மாறி, பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாமல் போகும். தடயவியல் ஓவியர் வரைந்த படத்தையோ, மண்டையோட்டிலிருந்து கணினி வழியே மீட்டமைத்த முகத்தையோ பயன்படுத்துங்கள். அதன் கீழே "இது ஏறத்தாழ இருந்த தோற்றம்" என்று எழுதுங்கள். மூக்கின் நுனியையும் உதட்டையும் காதையும் எலும்பு துல்லியமாகச் சொல்வதில்லை. வயதை எப்போதும் வரம்பாகக் கொடுங்கள். "28 வயது" என்று அச்சிட்டால், 35 வயது அக்காவைத் தேடும் தம்பி அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுவார். "25 முதல் 40 வரை" என்றால் நின்று பார்ப்பார். எடையும் கண்ணின் நிறமும் மரணத்துக்குப் பின் நம்பத்தக்கவை அல்ல.

நம்பத்தக்கவை பொருள்கள். மோதிரத்தின் உட்புறத்தில் பொறித்த எழுத்து, கைவேலையில் தைத்த பொத்தான், உடையின் உட்பட்டையில் உள்ள தையற்கடை அடையாளம், சாவிக்கொத்து, வேறு நூலால் ஒட்டுப்போட்ட இடம் ஆகியவற்றை நல்ல வெளிச்சத்தில், பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுத்து வெளியிட வேண்டும். எலும்பு முறிவுக்காகப் பொருத்திய உலோகத் தகட்டில் உற்பத்தி எண் இருக்கக்கூடும்; அது விசாரணைக்குரியது, அச்சிட வேண்டியதில்லை. முகத்தை மறந்தவர்கூடத் தன் கையால் போட்ட தையலை மறப்பதில்லை.

அமெரிக்காவின் நாம்அஸ் என்ற பொதுத் தரவுத்தளம் காணாமல் போனவர்களின் பதிவையும் அடையாளம் தெரியாத உடல்களின் பதிவையும் 2009 முதல் ஒன்றோடொன்று ஒப்பிட்டுவருகிறது. பதிவுகளின் ஒரு பகுதியை எவரும் பார்க்கலாம். உங்கள் நாட்டில் இதற்கு ஈடானது இருந்தால் உள்ளூர்ச் செய்தியாளரிடம் அதைக் காட்டுங்கள். பொருத்தம் இருப்பதாக உங்களுக்குத் தோன்றினால், அதை அந்தக் குடும்பத்திடமோ இணையத்திலோ சொல்லாமல் விசாரணை அதிகாரியிடம் மட்டும் சொல்லுங்கள். பல் பதிவோ கைரேகையோ மரபணுவோ உறுதி செய்யும் வரை எந்த ஒற்றுமையும் ஒற்றுமை மட்டுமே.

ஒன்பதாம் படி: நாள் கடந்த பின்

முதல் வாரம் முடிந்ததும் அழைப்புகள் நின்றுவிடும். செய்தியாளர்கள் கொடியவர்கள் என்று இதற்குப் பொருளன்று; பழைய செய்தியை மறுபடி அச்சிட அவர்களுக்கு ஒரு காரணம் தேவை. அந்தக் காரணத்தைக் கொடுப்பது உங்கள் வேலை. பிறந்தநாள், காணாமல் போன நாள், குழந்தையானால் மே 25இல் வரும் உலகக் காணாமல் போன குழந்தைகள் நாள், வயது முதிர்ந்த தோற்றத்தில் வரைந்த புதிய படம், இதுவரை வெளியிடாத ஒரு கைப்பொருள் என ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்று இருக்கட்டும். அன்று வாய் திறக்காதவர் இன்று திறக்கக்கூடும்: கணவனைக் காப்பாற்றியவள் இன்று அவனைப் பிரிந்திருப்பாள்; நண்பனுக்கு அஞ்சியவனுக்கு இன்று அச்சம் போயிருக்கும். வேண்டுகோளை அவர்களை நோக்கி எழுதுங்கள்: "அன்று சொல்ல முடியாததற்குக் காரணம் இருந்திருக்கும். இன்று சொல்லுங்கள்."

இந்தக் கட்டத்தில் குடும்பத்தின் மனநிலையையும் பார்க்க வேண்டும். அழவும் முடியாமல் நம்பவும் முடியாமல் நிற்கும் இந்த நிலையை உளவியலாளர் பாலின் பாஸ் 'தெளிவற்ற இழப்பு' என்று பெயரிட்டார். ஒவ்வொரு பேட்டியும் அந்தப் புண்ணைத் திறக்கிறது. ஆகவே ஆண்டுக்கு எத்தனை முறை பேசுவது என்று குடும்பமே முடிவு செய்துகொண்டு, மற்ற அழைப்புகளை மரியாதையாக மறுக்கலாம்.

பத்தாம் படி: கிடைத்த பிறகு

உயிரோடு கிடைத்தால் அறிவிப்பு இரண்டு வரிகளில் முடியட்டும்: "பாதுகாப்பாகக் கிடைத்துவிட்டார். தேடியவர்களுக்கு நன்றி." எங்கே இருந்தார், யாருடன் இருந்தார், ஏன் போனார் என்பவை அவருடையவை. இறந்து கிடைத்தால், நெருங்கிய உறவினர் அனைவருக்கும் நேரில் சொல்லி முடித்த பிறகே செய்தி வெளிவர வேண்டும். செய்தியாளர்கள் அந்தச் சில மணி நேரத்தைக் கொடுக்கத்தான் வேண்டும்.

பிறகு நீக்கும் வேலை தொடங்குகிறது. மூலப்பதிவின் முதல் வரியில் 'கிடைத்துவிட்டார்' என்று சேர்த்துச் சில நாள் விட்டுவைத்து, பகிர்ந்தவர்கள் பார்த்த பின் படத்தை எடுத்துவிடுங்கள். ஒட்டிய சுவரொட்டிகளை ஒட்டியவர்களே போய்க் கிழிக்கட்டும். செய்தி நிறுவனங்களுக்கு எழுதி, பழைய செய்தியிலிருந்து பெயரையும் படத்தையும் நீக்கவோ, தேடுபொறிகளில் வராமல் செய்யவோ கேளுங்கள். குறிப்பாகக் குழந்தைகள், மனநலச் சிகிச்சை பெற்றவர்கள், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் ஆகியோருக்காக. வெளியீடுகளின் பட்டியலை முதல் நாளிலிருந்தே தேதியோடும் இணைப்போடும் ஒரு தாளில் எழுதிவந்திருந்தால், இப்போது அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்துவிடலாம்.